நோய்த் தடுப்பிலே பண்பாட்டின் இடம்

ஒரு திட்டம் குறித்த சமூகத்தின் பண்பாட்டிற்கு இயைய வகுக்கப்பட்டது என்று கேட்டவுடனே, அதனை நல்லதென ஏற்றுக்கொள்ள நமது மனம் முந்துகின்றது. மக்களோடு மக்கள் மொழியிற் பேச வேண்டும் என்பது முற்போக்காளர் எவரும் மறுக்காத கொள்கை. ஆயின் அக்கொள்கையின் பெயரால் உண்மையில் நடைபெறுவது யாது என உசாவும் கடமையும் நமக்கு உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் வாழும் லத்தீனோ மக்களிடையே, தற்பால் விருப்பும் இருபால் விருப்பும் உடைய ஆண்களுக்கென வகுக்கப்பட்ட எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்கள் இவ்வுசாவலுக்கு மிகவும் ஏற்றவை.

நிலைமை பாரதூரமானது. அன்றைய பரவல் வேகம் மாறாதிருப்பின், அந்நாட்டின் லத்தீனோ தற்பால் விருப்பினருள் நால்வருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் இத்தொற்றுக்கு ஆளாவர் என அந்நாட்டு அரசின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2016இல் கணித்தது. வெள்ளையருள் இதே பிரிவினருக்கு அக்கணக்கு பதினொருவருக்கு ஒருவர். 2022ஆம் ஆண்டின் புதிய தொற்றுகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு லத்தீனோ மக்களிடையே ஏற்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அவ்வாண்டின் சனத்தொகையிலோ அவர்கள் ஐந்திலொரு பங்கினராகக்கூட இருக்கவில்லை.

இத்துறையிற் சிந்தனையைத் திருப்பிவிட்டவர் ரபாயெல் டயஸ் எனலாம். 1998இல் வெளிவந்த அவரது நூல் ஒரு புதிரிலிருந்து புறப்படுகின்றது. இவ்வாண்கள் நோயைப் பற்றி அறியாதவர் அல்லர். தம்மைக் காத்துக்கொள்ளும் எண்ணம் இல்லாதவரும் அல்லர். அறிவும் எண்ணமும் இருந்தும் செயல் ஏன் பிறழ்கின்றது? வீட்டிலே பேசப்படாத மௌனம், ஆண்மை பற்றி ஊட்டப்பட்ட கருத்து, குடும்பத்துக்கு இழுக்கு நேருமோ என்ற அச்சம், இவற்றோடு வறுமையும் நிறவெறியும் என அவர் விடை கூறினார். இவ்விடையின் சிறப்பு யாதெனில், பண்பாட்டையும் ஒடுக்குமுறையையும் அது பிரித்து வைக்கவில்லை. 2001இல் டயஸும் அவர்தம் கூட்டாளிகளும் நியூயோர்க், மியாமி, லொஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய மூன்று நகரங்களிலும் 912 ஆண்களிடம் திரட்டிய தகவல்களை வெளியிட்டனர். இழிவுபடுத்தலும் இனப்பாகுபாடும் பொருள்முடையும் மிகுந்தவரிடத்தே மனச்சோர்வும் பதகளிப்பும் தற்கொலை எண்ணமும் மிகுந்திருந்தன என்பது அவர்கள் கண்ட முடிபு.

டயஸுக்குப் பின் வந்தோர் பலர் இவ்விடையின் பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டனர். மாச்சீஸ்மோ, பமிலிஸ்மோ, சிம்பத்தியா என்ற சொற்கள் ஒரு பட்டியலாகி, லத்தீனோ மனிதன் என்றால் இன்னின்ன குணங்களின் தொகுப்பு என்றாயிற்று. மெக்சிக்கோவின் கிராமத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளியும், நியூயோர்க்கிலே பிறந்து வளர்ந்த புவேர்ட்டோ ரிக்கோ வழியினனும் ஒரே பட்டியலுக்குள் அடைக்கப்பட்டனர். கென் ரெஸ்னிக்கோ 1999இல் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். மொழி, இசை, உணவு, உடை ஆகியவற்றைப் பொருத்துவது மேற்பரப்பு. நோய் பற்றிய ஒரு மக்களின் நடத்தையை உருவாக்கும் வரலாற்று, சமூக சக்திகளைத் தொடுவது ஆழம். உருவம், உள்ளடக்கம் என்று நாம் இலக்கியத்தில் எத்தனையோ காலமாக வாதிட்டுவரும் விடயந்தான் இது. மண்வாசனைச் சொற்கள் நாலு தூவப்பட்டிருப்பதால் மட்டும் ஒரு கதை மண்ணின் கதையாகிவிடுவதில்லை என்பதை நாம் அறிவோம்.

ஆழத்தைத் தொட முயன்ற திட்டங்களும் உண்டு. நியூயோர்க்கிலே கார்பாயோ தியேகெஸ் குழுவினர், ஆசிரியராகிய நாம் நன்கறிந்த பாவுலோ பிரெய்ரேயின் கல்விக் கொள்கையைத் தழுவி எட்டு அமர்வுகள் கொண்ட ஒரு திட்டத்தை வகுத்து, 180 ஆண்களைக் கொண்டு பரீட்சித்தனர். 2005இல் முடிபு வெளியாயிற்று. அமர்வுகளுக்கு வந்தோரும், காத்திருப்போர் குழுவில் விடப்பட்டோரும் ஏறக்குறைய ஒரே அளவில் ஆபத்தான நடத்தையைக் குறைத்திருந்தனர்! திட்டம் தோற்றது என்பார் உளர். என்னால் அப்படிச் சொல்ல இயலவில்லை. ஒருவன் தன் வாழ்வைப் பற்றி நீண்ட நேரம், தன் மொழியில், இழிவின்றி வினவப்படுவதே அவனுக்கு ஒரு பாடமாகியிருக்கக்கூடும். பாடத்தாற் படியாத மாணவன் பரீட்சை வினாத்தாளைக் கண்டு சிந்திக்கத் தொடங்குவதை வகுப்பறையில் நாம் காண்பதில்லையா? ஏமாற்றந்தந்த முடிபை மறையாது, தாம் கற்ற பாடமென வெளியிட்ட அக்குழுவினரின் நேர்மை பாராட்டத்தக்கது.

வட கரொலைனாவில் நிகழ்ந்தது வேறு. ஸ்கொட் றோட்ஸ் குழுவினர் அப்பகுதி மக்களையும் பங்காளிகளாகக் கொண்டு ஸ்பானிய மொழியில் அமைத்த ‘ஓலா என் குரூப்போஸ்’ என்ற திட்டத்தின் முடிபுகள் 2017இல் வெளிவந்தன. பங்குபற்றியோர் 304 பேர். ஒப்பீட்டுக் குழுவுக்கும் பொதுச் சுகாதாரம் பற்றிய அமர்வுகள் நடத்தப்பட்டமையால், கவனிப்பு ஒரு சாராருக்கே கிடைத்தது என்ற குறை எழ இடமில்லை. ஆறு மாதங்களின் பின், ஆணுறைப் பாவனையிலும் பரிசோதனை செய்துகொள்வதிலும் திட்டக் குழுவினர் தெளிவாக முன்னின்றனர். அமைப்புகளும் மருத்துவ நிலையங்களும் மலிந்த நியூயோர்க்கிலே எட்டு அமர்வுகள் மேலும் ஒரு துளி. அவை அரிதான தென்மாநிலம் ஒன்றிலே சில அமர்வுகளே பெருமழை. வேறுபாட்டுக்கு இதுவே காரணம் என்பது என் ஊகம். எனினும் இரு ஆய்வுகளிலும் நடத்தை பற்றிய சான்று, பங்குபற்றியோர் தாமே சொன்ன சொல்தான். விருந்தோம்பிய குழுவுக்கு உவப்பான விடை கூறும் இயல்பு எம்மக்களிடத்தும் உண்டு.

இவற்றிலும் பெரிய குறை ஒன்றுண்டு. 2012இல் தொற்றைத் தடுக்கும் குளிசை ஒன்று அந்நாட்டில் அங்கீகரிக்கப்பட்டது. அதனால் பயன்பெறக்கூடிய லத்தீனோ மக்களுள், வெள்ளையரோடு ஒப்பிடுமிடத்து மிகக் குறைந்த விகிதத்தினருக்கே அது எழுதிக் கொடுக்கப்பட்டு வந்துள்ளது. குளிசையை மறுப்பது மாச்சீஸ்மோவா? மருத்துவக் காப்புறுதி இல்லாதவனுக்கு அவ்வினாவே பொருளற்றது. அரச உதவி பெறக்கூடியவர் எனக் கருதப்படும் குடியேறிக்கு நிரந்தர வதிவுரிமையை மறுக்க இடமளிக்கும் விதியொன்று 2020 பெப்ரவரியில் விரிவான வடிவில் நடைமுறைக்கு வந்தது. 2021 மார்ச்சில் அவ்வடிவம் கைவிடப்படுமுன், அது தொடாத குடும்பங்களும் அஞ்சி உதவிகளிலிருந்து விலகிக்கொண்டன. அவ்வச்சத்தைப் பண்பாடு என்று எழுதிவைத்தால், அரசின் குற்றம் அம்மனிதனின் குணமாகிவிடும்.

எனவே இத்திட்டங்களைக் கைவிடுக என்பதல்ல என் வாதம். வட கரொலைனாவில் ஒருவன் முதன்முதலாகப் பரிசோதனைக்குச் சென்றான் எனில் அது சிறு காரியமன்று. ஆயின் மதிப்பீடு செய்வோர் அமர்வுக்கு வந்தவனை எண்ணுவதோடு நில்லாது, பெயர் பதிய அஞ்சி வாசலிலேயே திரும்பிச் சென்றவனையும் எண்ண வேண்டும். அவன் ஏன் திரும்பினான் என்பதை அவனிடமே கேட்கவும் வேண்டும்.