ஸ்மிருதி சித்ரே: விலகி நின்றவரின் வாய்மொழி

ஒரே கூரையின் கீழ் இரு சமயங்கள் நுழைவது நம் நாட்டுக்குப் புதிதன்று. சமண சமயம் தழுவிய தம்பி மருணீக்கியாருக்காகத் திருவதிகைக் கோயிலில் ஏங்கி நின்ற திலகவதியாரைப் பெரியபுராணம் நமக்குக் காட்டுகிறது. சமணம் சார்ந்த பாண்டியனுடன் இல்லறம் நடத்திக்கொண்டே தம் சைவத்தைக் காத்துவந்த மங்கையர்க்கரசியாரையும் அதே நூல் போற்றுகிறது. ஆனால் இவ்விரு வரலாறுகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. தம்பிக்குச் சூலை நோய் வருகிறது. அரசனுக்கு வெப்பு நோய் வருகிறது. நோய் தீரும்போது பூசலும் தீர்ந்துவிடுகிறது. அற்புதம் நிகழாத இல்லங்களில் என்ன நடக்கும்? சூலையும் வராமல், திருநீறும் தீர்த்துவைக்காமல், அண்ணன் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமுமாய் ஆண்டுக்கணக்கில் வாழ நேரும் குடும்பங்களுக்கு இலக்கியம் என்ன சொல்கிறது?

இவ்வினாவுக்கு விடை தேடியவன் நான். மராட்டிய மண்ணில் பணி நிமித்தம் வாழ்ந்த ஆண்டுகளில், நாசிக் நண்பர் ஒருவர் தந்த நூலில் அவ்விடையின் ஒரு பகுதியேனும் கிடைத்தது. அந்நூல் இலட்சுமிபாய் திலக் எழுதிய 'ஸ்மிருதி சித்ரே'. 'நினைவுச் சித்திரங்கள்' என்று தமிழில் கூறலாம். மராத்தி தன்வரலாறுகளுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றாக அறிஞர்கள் இதனைப் போற்றுவர். அதன் நயங்களையும் குறைகளையும் இம்மலர் வாயிலாக நம் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

ஆசிரியரும் நூலும்

திலக் என்றதும் 'கேசரி' இதழின் பால கங்காதர திலகரே நம் நினைவுக்கு வருவார். இங்கே பேசப்படுபவர் வேறொருவர். நாராயண வாமன திலக் என்னும் மராத்திக் கவிஞர். இவர் கொங்கணத்துச் சித்பாவன அந்தணர் குலத்தில் 1861இல் பிறந்தவர். நாசிக்கை அடுத்த ஜலால்பூரில் 1868இல் பிறந்த இலட்சுமிபாய், பதினோராம் வயதில் இவருக்கு வாழ்க்கைப்பட்டார். பள்ளிக்கூடம் சென்று படித்தவரல்லர். கணவரிடமே எழுத்துக் கற்றார்.

1893இல் இரயிலில் சென்றுகொண்டிருந்த திலக்கிடம் ஐரோப்பியர் ஒருவர் விவிலியம் ஒன்றைக் கொடுத்தார். அதனைப் படித்தால் இரண்டே ஆண்டுகளில் நீர் கிறிஸ்தவராவீர் என்றும் சொல்லிப் போனார். 1895 பிப்ரவரி 10ஆம் நாள் திலக் பம்பாயில் திருமுழுக்குப் பெற்றார். மனைவி உடனில்லை. செய்தி மட்டுமே அவரை வந்தடைந்தது. பிரிவும் அரைப்பிரிவுமாய் ஐந்தாண்டுகள் கழிந்தன. பின்னர் 1900இல் இலட்சுமிபாயும் அதே சமயத்தைத் தழுவினார். 1919இல் திலக் மறைந்தார். பல ஆண்டுகள் கழித்து மனைவி எழுதிய நினைவுகள் 1934 முதல் பகுதி பகுதியாக நூலாயின. 1936இல் ஆசிரியரும் மறைந்தார். ஆங்கிலத்தில் ஜோசபின் இங்க்ஸ்டரின் மொழிபெயர்ப்பு 1950இலும், சாந்தா கோகலேயின் மொழிபெயர்ப்பு 2017இலும் வந்துள்ளன. மராத்தி அறியாத அன்பர்கள் அவற்றின் வழியே இந்நூலை அடையலாம்.

கிறிஸ்தியானின் மனைவி

சமயம் மாறியவர்கள் எழுதிய வரலாறுகள் பல. அவற்றில் பேசுபவர் மாறியவர், அழுபவர் மாறாதவர். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' நூலின் தொடக்கத்தை நினைவுகூர்க. மனைவியும் மக்களும் திரும்பி வரும்படி கதற, காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான் கிறிஸ்தியான். அக்கதையைத் தழுவித்தான் நம் திருநெல்வேலிச் சீமையின் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை 1894இல் தந்தார். வைணவக் குடியில் பிறந்து 1858இல் கிறிஸ்தவரானவர் அவர். அக்காப்பியத்தின் தமிழ்ச்சுவை அறியாதார் இலர். ஆயினும் பயணம் போனவனின் பின்னே வாசலில் நின்றவள் என்ன நினைத்தாள் என்று கேட்பது அக்கதையின் நோக்கமன்று. பனியனே அந்தக் குறையை உணர்ந்தார் போலும். 1684இல் எழுதிய இரண்டாம் பாகத்தில் மனைவியையும் மக்களையும் பயணம் புறப்பட வைத்தார்.

இலட்சுமிபாயின் நூல், வாசலில் நின்றவளே எழுதிய முதற்பாகம். இதுவே இதன் தனிப்பெருஞ் சிறப்பு என்பது என் துணிபு. கணவர் கண்ட ஒளியைப் பற்றி இதில் மிகக் குறைவாகவே காண்கிறோம். அவ்வொளி பட்டு வீட்டின் எந்தெந்த மூலை இருண்டது என்பதைப் பக்கம் பக்கமாகக் காண்கிறோம்.

பூசலின் பிறப்பிடம்

குடும்பத்தில் சமயப் பூசல் எழுந்தால், அது கடவுட் கொள்கை பற்றிய பூசல் என்றே நாம் எண்ணுகிறோம். இந்நூல் அவ்வெண்ணத்தை மெல்ல மெல்லக் களைகிறது. யார் கைத் தண்ணீரை யார் குடிப்பது? எந்தப் பாத்திரம் எந்த அடுப்பில் ஏறுவது? மகன் தத்து யாரிடம் வளர்வது? ஊரார் கேட்டால் உறவினர் என்ன சொல்வது? போராட்டம் முழுவதும் இவ்வினாக்களில்தான் நடக்கிறது. ஆசிரியர் தம் கதையைத் தந்தையின் 'மடி' ஆசாரத்திலிருந்து தொடங்கியது வெறும் பிள்ளைப்பருவ நினைவன்று. கடையிலிருந்து வரும் பொருள்களைக்கூடக் கழுவிய பின்னரே உள்ளே விடும் வீடு அது. அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குக் கணவனின் மதமாற்றம் எத்தகைய இடி என்பதை ஒரு சொல்லும் விளக்காமலே உணர்த்திவிடுகிறார். இஃது ஓர் அரிய கலைத்திறன்.

பூசலுக்கு இன்னொரு வேரும் உண்டு. கணவர் மாறினார் என்பதைவிட, மாறிய செய்தி அயலிலிருந்து வந்து சேர்ந்தது என்பதே இல்லத்தாரை அதிகம் வாட்டுகிறது. இக்கருத்துக்குச் சான்று நூலின் பிற்பகுதியில் இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் ஒரே சமயத்தினர் ஆன பின்னும் பூசல் தீர்ந்தபாடில்லை. நினைத்தால் புறப்பட்டுவிடும் திலக்கின் இயல்பு, வீட்டுச் செலவுக்கான பணத்தை வேறெதற்கோ கொடுத்துவிடும் ஈகை, நெருப்பெனப் பொங்கும் சினம் ஆகியவை அப்படியே தொடர்கின்றன. 1917இல் மிஷன் பணியை விட்டு அவர் துறவு பூண்டபோது, கிறிஸ்தவ மனைவியான இலட்சுமிபாய் மீண்டும் ஒருமுறை வாசலில் நிற்கிறார். ஆகவே அவரைப் பிரித்தது கிறிஸ்து அல்லர். கேளாமல் முடிவெடுக்கும் கணவரின் குணமே.

ஐந்தாண்டுப் பாடம்

பூசல் எவ்வாறு தணிந்தது? ஆங்கில அரசு இத்தகைய குடும்பங்களுக்கென்று இரு சட்டங்கள் செய்திருந்தது. மதம் மாறியவர் சொத்துரிமை இழவாதபடி 1850ஆம் ஆண்டுச் சட்டம் காத்தது. கிறிஸ்தவரானவருடன் வாழத் துணை மறுத்தால், நீதிமன்றம் சென்று மண உறவை நீக்கிக்கொள்ள 1866ஆம் ஆண்டுச் சட்டம் வழி வகுத்தது. சொத்தைப் பிரிக்கவும் உறவை அறுக்கவும் வழி சொன்ன சட்டங்கள், சேர்ந்து வாழ வழி சொல்லவில்லை. சொல்லவும் இயலாது. திலக் அந்த 1866ஆம் ஆண்டு வழியில் செல்லவில்லை. கடிதம் எழுதுவதை நிறுத்தவுமில்லை.

இலட்சுமிபாயும் கதவைச் சாத்தவில்லை. முதலில் உறவினர் வீட்டில் தங்கினார். பின்னர் அகமத்நகருக்கு (இன்று அகில்யாநகர்) வந்து, கணவருக்கு அருகில், தம் அடுப்பையும் தண்ணீரையும் தனியே வைத்துக்கொண்டு வாழ்ந்தார். கூப்பிட்டால் கேட்கும் தொலைவு; ஆனால் ஒரே பந்தி அன்று. இந்த அரைத்தொலைவுதான் அவ்விருவரையும் காப்பாற்றியது. இக்காலத்தில் அவர் மனம் மாறிய முறை உற்று நோக்கத்தக்கது. முதலில் அவரை விட்டு அகன்றது சாதி வேற்றுமை. மனிதரைக் கடவுள் உயர்வு தாழ்வுடன் படைத்தாரா என்று தமக்குத் தாமே கேட்டு, இல்லை எனத் தெளிந்து, பிறர் கையால் உண்ணவும் பருகவும் துணிந்தார். திருமுழுக்கு அதன் பின்னரே. கணவர் சொன்னார் என்பதற்காக அவர் மாறவில்லை. உறவினர் தடுத்தனர் என்பதற்காக நிற்கவுமில்லை. தம் காலால் தாமே நடந்து வந்து சேர்ந்தார். கணவருக்குக் கிடைத்த உரிமையை, ஐந்தாண்டு தாமதத்துடன், தாமும் எடுத்துக்கொண்டார் எனலாம்.

இத்துணைத் துயரையும் சொல்லும் நடை எத்தகையது? நகைச்சுவை. ஆம், நகைச்சுவையே. சமையலறை மராத்தியில், அண்டை வீட்டாரிடம் பேசுவது போல், கணவரின் மறதியையும் தம் பிடிவாதத்தையும் ஒரே கண்ணால் பார்த்துச் சிரிக்கிறார். நூல் முழுதும் தேடினும் கொடியவர் என்று ஒருவர் அகப்படார். மதம் மாறிய கணவரும் கொடியவரல்லர். அவரை வெறுத்த உறவினரும் கொடியவரல்லர். தம்மைச் சேர்த்துக்கொண்டு தாங்கிய உற்றாரின் அன்பை, அவர்கள் வெறுத்த சமயத்துக்குத் தாம் வந்துவிட்ட பின்னும், ஒரு சொல்லும் குறையாமல் பதிவு செய்கிறார். நன்றி மறவாமை ஓர் அறம் மட்டுமன்று; வரலாறு எழுதுவார்க்கு அஃது ஒரு நடையும் ஆகும்.

குறைகள்

குறை கூறாத திறனாய்வு முகமன் ஆகிவிடும். நூலின் பெயருக்கேற்ப இது சித்திரங்களின் கோவை. காலவரிசை ஆங்காங்கே நெகிழ்கிறது. பிற்பகுதியில் ஊர்களும் மனிதர்களும் மிகுந்து, முற்பகுதியின் இறுக்கம் தளர்கிறது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. நிகழ்ச்சிகள் நடந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின், கரையேறியவர் எழுதியது இந்நூல். ஆகவே நடுக்கடலின் அச்சத்தைக்கூட ஒரு புன்னகையோடுதான் நாம் காண நேர்கிறது. கடைசிவரை மாறாத உறவினருள் ஒருவர் எழுதியிருந்தால் அவ்வைந்தாண்டுகள் வேறு நிறம் காட்டியிருக்கும். கணவனும் மனைவியும் ஒரு சமயத்தில் ஒன்றியதால் அவர்கள் இல்லம் பிழைத்தது. இறுதிவரை இரு சமயமாகவே இருந்து பிழைக்கும் இல்லத்தின் கதை இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. திலகவதியார் வரலாற்றில் நான் கண்ட அதே நிறைவின்மை, வேறு வடிவில், இங்கும் எஞ்சுகிறது.

நிறைவாக ஒரு சொல்

இந்நூலை நான் இத்துணை ஆர்வத்துடன் படித்தமைக்குக் காரணத்தையும் சொல்லிவிடுதல் நேர்மை. என் தமக்கையார் செவிலியர் பணியில் இருந்த காலத்தில் கிறிஸ்தவ சமயம் தழுவினார். அச்செய்தி தெருக்காரர் ஒருவர் வாயிலாகவே எங்கள் தந்தையாருக்குத் தெரிந்தது. ஒன்பது ஆண்டுகள் அவர் மகளுடன் பேசவில்லை. எங்கள் வீட்டில் எவரும் ஒருநாளும் இயேசுவைப் பற்றி வாதிட்டதில்லை. "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்பதுதான் தந்தையார் திரும்பத் திரும்பச் சொன்னது. அவர் இறந்த அன்று அக்கா பேருந்திலிருந்து இறங்கி வந்து தெருவிலேயே நின்றுவிட்டார். பெரியவர்கள் முகத்தைப் பார்த்தபடி நானும் நின்றேன். "உள்ளே வாருங்கள், அக்கா" என்னும் சொற்கள் என் வாயில் எழவில்லை. அவரைத் தடுத்தவர் ஒருவருமில்லை, அழைத்தவரும் ஒருவருமில்லை.

நாசிக்கில் இந்நூலை முடித்த இரவு அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மன்னிப்புக் கேட்டு நீட்டி எழுதிய முதற்படியைக் கிழித்துவிட்டு, பொங்கலுக்கு வருமாறு நான்கே வரிகள் எழுதினேன். அவர் வந்தார். சர்க்கரைப் பொங்கல் படைக்கும் முன்பே அடுப்படியில் ஒரு கிண்ணத்தில் தனியே எடுத்து வைத்தாள் என் மனைவி. படைத்ததை அவர் உண்பாரோ என்னும் ஐயம் அவளுக்கு. அக்கா சிரித்துக்கொண்டே அதனை வாங்கி உண்டார். எந்தக் கொள்கையும் அன்று பேசப்படவில்லை. இன்றும் அவர் கோயிலுக்கு வருவதில்லை. நாங்கள் தேவாலயத்துக்குப் போவதில்லை. ஆண்டுதோறும் அந்தக் கிண்ணம் மட்டும் மறவாமல் எடுத்து வைக்கப்படுகிறது.

திலக் தொடங்கிய 'கிறிஸ்தாயன்' என்னும் மராத்திக் காப்பியம் அவர் மறைவால் குறையாக நின்றது. அதன் பெரும்பகுதியைப் பின்னர்ப் பாடி வளர்த்தவர், முன்னொருகால் அவர் சமயத்தைக் கேட்டு நிலைகுலைந்த அதே இலட்சுமிபாய். காப்பியம் கற்றவர்க்கு உரியது. 'ஸ்மிருதி சித்ரே'யோ, வீட்டு வாசலில் ஒருவரை நிறுத்தி வைத்திருக்கும் எவரும் படிக்க வேண்டிய நூல். நம் சங்கத்து அன்பருள் எவரேனும் மராத்தி மூலத்திலிருந்தே இதனைத் தமிழில் வழங்க முன்வருவாராயின், அது தமிழுக்கு மட்டுமன்றிச் சில இல்லங்களுக்கும் செய்த தொண்டாகும்.