பினாங்குக் கடைவீடுகளின் காற்று

ஜார்ஜ் டவுன் லெபு பசாரில் நண்பகல் வெயில் மண்டையைப் பிளக்கும். அஞ்சடிக்குள் கால் வைத்தால் போதும், உடம்பு ஆறிவிடும். மேல்மாடி முன்னால் நீண்டு நிற்க, அதன் அடியில் ஓடும் இந்த நடைபாதை வெயிலுக்கும் மழைக்கும் பொதுக்கூரை.

அசல் வித்தை உள்ளே இருக்கிறது. ஒடுங்கி, பின்னோக்கி நீளும் கடைவீட்டின் நடுவில் கூரையில்லாத முற்றம். சூடான காற்று லேசாகி அதன் வழியே மேலே கிளம்ப, தெருப்பக்க நிழலில் ஆறிய காற்று உள்ளே இழுபடுகிறது. பினாங்கு வீதிக் கிட்டங்கிகளில் கணக்கெழுதிய செட்டியார்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. செட்டிநாட்டு வீட்டு முற்றமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை, தோல் வியர்வையை விடுவதுபோல் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் பொடிப்பொடியாக உதிரும். பலப்படுத்துகிறோம் என்று இப்படிப் பூசுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. லீத் வீதியிலுள்ள சோங் ஃபாட் சீ மாளிகையைப் போய்ப் பாருங்கள்: சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்த நீலம். பழைய முறையிலேயே அதைப் புதுப்பித்ததற்கு 2000-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. 2008-இல் நகரமே உலக மரபுப் பட்டியலில் ஏறியது.

ஆனாலும் சில கடைகளில் முற்றத்தைத் தகரம் போட்டு மூடிவிட்டு ஏசி மாட்டியிருக்கிறார்கள். முதலில் அந்தத் தகரத்தை எடுக்க வேண்டும்.