உப்பில்லாமல் வெந்த கீரை

சிறுபாணாற்றுப்படை பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் "அதுதான் அந்தக் காலத்து கூகுள் மேப்" என்று சொல்லிவிடுகிறார்கள். புதிய வாசகரை உள்ளே இழுக்க வசதியான ஒப்புமைதான். தவறென்றும் சொல்ல முடியாது. ஆனால் அப்படி வாசிக்கும்போது கவிதையின் பாதி வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

முதலில் ஒப்புமையின் நியாயத்தைப் பார்த்துவிடுவோம். 269 அடிகளில் ஒரு பாணன் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். போக வேண்டிய இடம் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். வழியில் கடலோரத்து எயிற்பட்டினம், பிறகு வேலூர், ஆமூர். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்ற பெயர் மரக்காணத்துக்கு வடக்கே, ஆலம்பரைக் கோட்டை இருக்கும் பகுதியில் இன்றும் பேரூராட்சிப் பெயராக வழங்குகிறது. ஆக, இது உள்ளூர்க்காரர் எழுதிய வழி.

இந்தப் பாதையை இப்போது சுற்றுலாவாக மாற்றுவது சுலபம். பிரான்ஸின் சாந்த்-எமிலியோன் மாதிரியான ஒயின் ஊர்களில் அதற்குத் தயாரான வடிவம் இருக்கிறது: சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த பழைய தேவாலயம், திராட்சைத் தோட்டம், நிலவறை, கடைசியில் ருசி பார்க்க ஒரு கிளாஸ். 1999இல் அந்த நிலக்காட்சி யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2015இல் பர்கண்டியும் ஷாம்பெயினும் சேர்ந்தன. மரக்காணத்திலும் சரக்கு குறைவில்லை. சோழர் கல்வெட்டுகள் கொண்ட பூமீஸ்வரர் கோயில். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த ஆலம்பரைக் கோட்டை. 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த கழுவெளி. நடுவில் வெள்ளை வெளேரென்று உப்பளம். ஈசிஆரில் காரை நிறுத்தி போட்டோ எடுத்துட்டு பாண்டிச்சேரிக்குப் போய்விடலாம்.

ஒயின்காரர்கள் பெருமையாகச் சொல்லும் ஒரு சொல் 'தெர்வார்'. மண், வெயில், மழை, அந்த ஊர்க் கைப்பழக்கம் எல்லாம் சேர்ந்து ஒரு பொருளுக்குத் தரும் ருசி. நத்தத்தனாரிடம் இது அச்சு அசலாக இருக்கிறது. எயிற்பட்டினத்தில் அலை ஒதுக்கிய வாசனை மரங்கள் உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கின்றன. அதுதான் அடுப்பு விறகு. நுளையர் வீட்டுப் பெண் அரித்த பழைய தேறலைப் பரதவர் தருகிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட குழல்மீன். வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூடும். ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு. நிலம் மாற மாறத் தட்டு மாறுகிறது, தட்டை நீட்டும் கையும் மாறுகிறது. திணை என்பதைப் பாடப்புத்தக அட்டவணையிலிருந்து விடுவித்து நாக்கில் வைக்கும் இடம் இது.

ஆனால் இந்த விருந்துக்கு முன்னால் கவிதையில் ஒரு அடுக்களை வருகிறது. நல்லியக்கோடனைப் பார்ப்பதற்கு முன் தன் வீடு இருந்த நிலையைப் பாணன் சொல்கிறான். கண் திறக்காத குட்டிகள் முலையை இழுக்க, பாலில்லாத நாய் வலி தாங்காமல் குரைக்கிறது. சுவரைக் கறையான் அரித்திருக்கிறது, காளான் பூத்திருக்கிறது. பசியில் இடை ஒடுங்கிய பெண் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கதவை அடைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

உப்புக் கடற்கரை வழியாகப் போகும் கவிதை உப்பு வாங்க முடியாத வீட்டிலிருந்து புறப்படுகிறது. இதைக் கவனித்தபின் குழல்மீனின் ருசியே வேறு. அந்த மீனைச் சாப்பிடப் போகிறவன் ருசி தேடி அலைபவன் இல்லை, பசித்தவன். மூடிய கதவு முதலில் வந்ததால்தான் பரதவர் வீட்டுத் திறந்த வாசலுக்கு இத்தனை கனம். 'கூகுள் மேப்' வாசிப்பு வெளியே நிறுத்துவது இந்த அடுக்களையைத்தான்.

ஒயின் சுற்றுலாவும் இதையே செய்கிறது. கிளாஸைச் சுழற்றி முகர்ந்து பார்க்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் திராட்சை பறித்தவர் எங்கே படுத்தார் என்று சொல்வதில்லை. 2023 ஷாம்பெயின் அறுவடைக்கு வந்த தொழிலாளர்களை மோசமான இடங்களில் அடைத்து வைத்த வழக்கில், 2025இல் மூன்று பேர் ஆள்கடத்தல் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார்கள்.

நத்தத்தனாரிடமும் ஒரு கேள்வி கேட்கலாம். எயிற்பட்டினத்தில் தாழை இருக்கிறது, வெண்மணல் இருக்கிறது, உப்பளம் இல்லை. உப்பு விற்கும் உமணர்கள் வருகிறார்கள், அதுவும் கொற்கைப் பகுதியில்; அவர்கள் பிள்ளைகளோடு மந்தி முத்தை வைத்துக் கிலுகிலுப்பை ஆடுகிறது. விற்பவன் வருகிறான், பாத்தியில் நிற்பவன் வருவதில்லை. விருந்து கொடுப்பவர்களையே பாடும் மரபில், கொடுக்க ஒன்றும் இல்லாதவர் வழியில் தென்படாமல் போகிறார். இது இந்தக் கவிதையின் எல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த எல்லையில்தான் நாமும் நிற்கிறோம். வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரிக் கரை சேர்ப்பவர்களுக்கு மழை தொடங்கினால் வேலை இல்லை. அந்த மாதங்களுக்காகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தைத் தமிழ்நாடு அரசு சமீப ஆண்டுகளில்தான் அறிவித்தது. 2022இல் அரசு உப்பு நிறுவனம் தன் பாக்கெட்டுக்கு 'நெய்தல்' என்று பெயர் வைத்தது. திணை பிராண்ட் ஆகிவிட்டது. பிரான்ஸின் கெராந்த் உப்பளத்துக்காரர்கள் 1970களில் கடலோரச் சுற்றுலாத் திட்டங்களை எதிர்த்துப் போராடி நிலத்தைக் காப்பாற்றினார்கள். 2012இல் அவர்கள் உப்புக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் அங்கீகாரம் கிடைத்தது. ஊர்ப்பெயர் அங்கே உழைப்பவருக்குப் பேரம் பேசும் பலமாகிறது. நம் பாக்கெட்டில் அது ஒரு அழகான சொல், அவ்வளவுதான்.

தேறலுக்கும் இதே கதை. 2023 மே மாதம், மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாணனுக்குத் தேறல் ஊற்றிய அதே கடற்கரை. நெய்தல் விருந்தைப் பற்றி உருகி எழுதும்போது இந்த ஊர்ப்பெயரைத் தவிர்த்துவிட்டு எழுத முடிகிறதென்றால், நாம் எழுதுவது விமர்சனம் இல்லை, சுற்றுலாத் துண்டறிக்கை.

எனவே சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொண்டு மரக்காணம் போங்கள், தாராளமாக. உரையோடு நிதானமாகப் படித்தால் ஒரு மாலைதான் ஆகும். ஆனால் எயிற்பட்டினத்திலிருந்து தொடங்காதீர்கள். அதற்கு முன்னால் அந்தப் பெண் கீரை கிள்ளிக்கொண்டிருக்கிறாள். அங்கிருந்து தொடங்குங்கள்.