தபால் கார்டு: ஓர் உருவப் பிரச்னை

பிரயாணம் போகிறவர்கள் மறுபடியும் கார்டு எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். பழசின் மேல் மோகம் என்று இதை ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம். நம் நண்பர்களில் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். வேறு சிலர் கண் கலங்குகிறார்கள். இரண்டிலும் எனக்கு ஈடுபாடில்லை. கார்டு ஓர் உருவம். வெண்பாவுக்கும் சிறுகதைக்கும் உருவம் பற்றி ஓயாமல் பேசுகிற நாம் இதனிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம். இந்த உருவம் எதைச் சாத்யமாக்கிற்று? இப்போது திரும்பி வருவது அதுதானா?

ஹிமாசலப் பிரதேசத்தில், ஸ்பிதி பள்ளத்தாக்கில், ஹிக்கிம் என்று ஒரு கிராமம். 4,400 மீட்டருக்கு மேல் உயரம். 1983இல் அங்கே ஒரு கிளைத் தபாலாபீஸ் வந்தது. உலகிலேயே மிக உயரத்தில் இருக்கும் தபாலாபீஸ் என்று பெயர் பரவிவிட்டதால், மலையேறிப் போகிறவர்கள் அங்கே கார்டு வாங்கி, எழுதி, முத்திரை குத்தச் சொல்லிப் பார்த்து, பெட்டியில் போடுவதைப் படமும் எடுத்துக்கொள்கிறார்கள். கவிதை எழுதும் நண்பர் ஒருவர் அங்கிருந்து வியாசர்பாடிக்கு எனக்கொரு கார்டு போட்டார். போடுவதற்கு முன்னாலேயே அதன் இரண்டு பக்கத்தையும் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். பிற்பாடு தபால்காரர் கொண்டுவந்தது, நான் ஏற்கனவே படித்துவிட்ட ஒன்றின் அசல். அசல் என்ற கௌரவம் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. அவரோடு வரிசையில் நின்றவர்களில் பலர் தங்கள் சொந்த விலாசத்துக்கே எழுதிப் போட்டார்களாம். எழுதுகிறவனும் பெறுகிறவனும் ஒரே ஆள் என்றால் அது கார்டு அல்ல, ரசீது.

போர்ச்சுகல் மாணவர் ஒருவர் 2005இல் தொடங்கிய போஸ்ட்கிராஸிங் இதைவிடப் பரவாயில்லை. முன்பின் தெரியாத ஒருவருக்கு நீங்கள் எழுத வேண்டும். வேறு எவரோ உங்களுக்கு எழுதுவார். பெறுபவர் என்று ஒருவர் இருக்கிறார். ஆனால் அவர் குலுக்கலில் விழுந்த பெயர். அவரிடம் சொல்லியே ஆகவேண்டியது ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது இல்லாதபோது ஸ்டாம்பின் அழகு முன்னால் வந்து நின்றுகொள்கிறது.

ஆஸ்திரியா-ஹங்கேரியில் 1869 அக்டோபரில் முதல் கார்டு வெளிவந்தது. இந்தியாவில் 1879இல், காலணா விலையில். உறையில்லாமல் எழுதினால் தபால்காரன் படிப்பான், வேலைக்காரன் படிப்பான் என்ற ஆட்சேபம் இந்த உருவத்துடனேயே பிறந்தது. அது ஆட்சேபமே அல்ல, கார்டின் இலக்கணம் என்பது என் கட்சி. கார்டு ஒருவருக்கு எழுதப்படுகிறது. வழியில் இருக்கிற எல்லோராலும் படிக்கக்கூடியதாக இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்வது வேறெந்தக் கடித வகையிலும் இல்லை. வாட்ஸப் செய்தி 2016இலிருந்து முழுக்கப் பூட்டப்பட்டுவிட்டது. அனுப்புகிறவனும் பெறுகிறவனும் தவிர வேறொருவன் உள்ளே நுழைய முடியாது. இன்ஸ்டாகிராமில் போடும் மலையுச்சிப் படம் எல்லோருக்கும் தெரிகிறது, யாருக்கும் எழுதப்பட்டதல்ல. முன்னதில் மூன்றாம் ஆள் இல்லை. பின்னதில் இரண்டாம் ஆளே இல்லை.

ஆங்கில இலக்கியம் படித்த காலத்தில் ஜே. எஸ். மில் 1833இல் எழுதிய ஒரு பாகுபாடு பாடத்தில் வந்தது. மேடைப்பேச்சு நம்மை நோக்கிச் சொல்லப்படுகிறது, கவிதையோ தனக்குள் பேசிக்கொள்கிற ஒருவனிடமிருந்து நம் காதில் விழுவது என்பார் அவர். தமிழ் மாணவனுக்கு இதைச் சொல்ல மில் வரை போகவேண்டியதில்லை. சத்திமுற்றப் புலவர் போதும். ஊரை விட்டு வந்து மதுரையில், போர்த்தத் துணியில்லாமல், குளிரில் ஒடுங்கிக் கிடக்கிறார். வடக்கே போகும் நாரையிடம் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்புகிறார். நாரை சொல்லாது என்று அவருக்குத் தெரியாதா? மரபுக்கதைப்படி, நகர்சோதனைக்கு வந்த பாண்டியன் அதைக் கேட்டுவிடுகிறான். நாரையின் அலகுக்கு உவமை தேடிக்கொண்டிருந்தவனாம் அவன். சேதி மனைவிக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் நின்றவன் காதில் விழுந்தது. தமிழில் பிரயாணி எழுதிய முதல் கார்டு என்று இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. (தபால் இலாகா 2002இல், விளம்பரம் அச்சிட்ட 25 பைசா கார்டுக்கு ‘மேகதூத்’ என்று பெயர் வைத்தது. காளிதாசனுக்கு விளம்பரதாரர் கிடைக்க இவ்வளவு காலம் ஆயிற்று.)

படக்கார்டின் சரித்திரம் வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஹிக்கின்பாதம்ஸும் வீலே அண்ட் கிளைனும் வெளியிட்ட படக்கார்டுகள் கடல் கடந்து போயின. 2018இல் லண்டனில் இவற்றை வைத்து ஒரு கண்காட்சியே நடத்தினார்கள். கட்டடங்கள், தெருக்கள், கூடவே வெள்ளைக்கார வீட்டு வேலைக்காரர்களும். பின்பக்கத்தில் துரை, தன் ஊருக்கு இரண்டு வரி எழுதினார். நாம் படப்பக்கத்தில் இருந்தோம். எழுதும் பக்கத்தில் இல்லை. இன்று கையில் போனோடு ஹிக்கிம் போகிறவன், துரையின் கார்டுக்குத்தான் வாரிசு. ஒப்பனை மாத்திரம் மாறியிருக்கிறது. நம்முடைய கார்டு அதுவல்ல. படமில்லாத, மஞ்சள் நிற, மலிவுக் கார்டு. வெளியூர் போனவன், “சுகமாய் வந்து சேர்ந்தேன்” என்று எழுதிப் போட்டது. எங்கே இருக்கிறேன் என்று காட்டுவதற்கல்ல, வீட்டில் ஒருத்தி தூங்குவதற்காக எழுதப்பட்டது.

அப்படி ஒன்றை எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி வைத்திருக்கிறார். பர்மாவில் 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, 1964இல் கடைகள் தேசியமயமான பிறகு தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். அவர்கள் வந்து குடியேறிய இடங்களில் வியாசர்பாடியும் ஒன்று. சாயங்காலத்தில் அத்தோ விற்கும் வண்டிகளைப் பார்த்தாலே தெரியும். பாட்டியின் கணவர் துறைமுகத்தில் இறங்கிய மறுநாள், ராமநாதபுரத்துப் பக்கம் இருந்த தமையனாருக்குப் போட்ட கார்டு அது. தமையனார் செத்தபின் பெட்டியிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. பாட்டியின் அனுமதியோடு தருகிறேன்:

“அண்ணன் அவர்களுக்கு. நாங்கள் ஐந்து பேரும் கப்பல் விட்டு இறங்கி சுகம். சாமான் கொண்டுவர விடவில்லை. சின்னவன் கப்பலில் சாப்பிடவில்லை, இங்கே சாப்பிடுகிறான். விலாசம் பிறகு.”

கார்டில் பாதி இடம் காலி. ஆகவே சுருக்கத்துக்கு இடநெருக்கடி காரணமில்லை. ரங்கூனில் கடை இருந்தது, வீடு இருந்தது என்று பாட்டி சொல்கிறார். எல்லாம் ‘சாமான்’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிட்டது. விடாதது யார் என்றும் இல்லை. எழுவாய் கழன்றுவிட்ட வாக்கியம். ஏன்? இந்தக் கார்டைக் கிராமத்துத் தபால்காரர் படிப்பார். எழுத்துத் தெரியாத அண்ணனுக்கு இன்னொருவர் படித்துக் காட்டுவார். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பார்கள். அவர்கள் முன்னால் அழ முடியாது; பொய் சொல்லவும் முடியாது. அந்த இரண்டு தடைகளுக்கும் நடுவில்தான் ‘இங்கே சாப்பிடுகிறான்’ என்ற வாக்கியம் பிறந்திருக்கிறது. துக்கத்தை நேராகச் சொல்லியிருந்தால் அண்ணன் ஒருவருக்குத்தான் அது துக்கம். ஊரே கேட்கும்படி அடக்கிச் சொன்னதால் அறுபது வருஷத்துக்குப் பிறகு, சம்பந்தமில்லாத நான் கேட்கிறேன். உறைக்குள் வைத்து ஒட்டியிருந்தால் அவர் நாலு பக்கம் எழுதியிருப்பார் என்றே நினைக்கிறேன். அகதி வாழ்வு பற்றி நம் பத்திரிகைகளில் வருகிற பல கதைகள் அந்த நாலு பக்கத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கின்றன.

‘விலாசம் பிறகு’ என்பதில் இன்னொன்றும் இருக்கிறது. பதில் எழுத முடியாது. கடிதம் எப்போதும் போய்ச் சேராமலே போகலாம் என்பதை, தெரிதா 1980இல் தபால் கார்டைத் தலைப்பாக வைத்து எழுதிய பெரிய புத்தகத்தில் தத்துவமாக்கினார். சாக்ரடீஸ் உட்கார்ந்து எழுத, பிளேட்டோ பின்னால் நிற்கும் ஒரு பழைய சித்திரம். அதை அச்சிட்ட கார்டை ஆக்ஸ்ஃபோர்டில் பார்த்ததிலிருந்து கிளம்பிய சிந்தனை அது. கெட்டிக்காரத்தனமான புத்தகம்தான். ஆனால் கப்பலில் வந்தவருக்குப் போய்ச் சேர்வது தத்துவமல்ல, அன்றாடக் கவலை.

டென்மார்க் தபால் நிறுவனம் 1624இல் ஆரம்பித்த கடிதப் பட்டுவாடாவை 2025 டிசம்பரோடு நிறுத்திவிட்டது. இங்கே கார்டு இன்னும் 50 பைசாவுக்குக் கிடைக்கிறது. 50 பைசா நாணயம் சட்டப்படி செல்லும், கடைக்காரர்தான் வாங்கமாட்டார்; ஆகவே இரண்டு கார்டாக வாங்குங்கள். இந்தப் புள்ளிவிவரங்களைக் கொண்டு கார்டு வாழ்கிறதா செத்ததா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பிரயோஜனமில்லை. அந்த உருவம் வேறெங்காவது குடிபோயிருக்கிறதா என்பதே விமர்சகன் தேட வேண்டியது.

என் வயிற்றுப்பிழைப்பு பாங்கில் என்பதால் ஓரிடம் எனக்குத் தெரியும். பழைய மணியார்டர் பாரத்தின் அடியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு உண்டு. பணத்தோடு கூட நாலு வார்த்தை எழுத. பிழைக்கப்போன ஊரிலிருந்து அப்பாக்கள் எழுதியதெல்லாம் அந்தத் துண்டில்தான். இன்று யுபிஐயில் பணம் அனுப்பும்போது ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் வருகிறது. பெரும்பாலோர் அதைக் காலியாக விடுகிறார்கள், அல்லது ‘வாடகை’ என்று முடித்துவிடுகிறார்கள். எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வேலை செய்ய ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள், அரபு நாட்டுக்குப் போகுமுன் கடைசி இரவில் கூட்டாளியின் கடனைத் தீர்க்கிறவர்கள். தமிழையும் இந்தியையும் இங்கிலீஷ் எழுத்தில், புள்ளி கமா இல்லாமல் எழுதுகிறார்கள். வாடிக்கையாளர் கணக்கில் உள்ளதை வெளியில் சொல்லக்கூடாது, சொல்லவில்லை. பாஸ்புக் பதியும்போது அந்த வரி அச்சாகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அனுப்பியவன் ஒருவன், பெறுபவள் ஒருத்தி, நடுவில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நான். கட்டம் சிறியது, வரி சில சமயம் ஒரு சொல்லின் நடுவிலேயே வெட்டுப்படுகிறது. பாஸ்புக்கை வாங்கிக்கொள்கிறவர்கள் முதலில் இருப்பைத்தான் பார்க்கிறார்கள். பிறகு கவுண்டரைவிட்டு நகராமல், அந்த வரியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விட்டுப்போன எழுத்து என்னவாயிருக்கும் என்று என்னிடமே கேட்கிறார்கள்.