மேடைக்குப் பின்னால் இருப்பவர்: மல்யுத்த நிர்வாக விளையாட்டுகளின் மரபுகளும் அளவுகோல்களும்

தொழில்முறை மல்யுத்தம் என்பது, வெற்றி தோல்வி முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டு, மல்லர்கள் தம் உடல்திறனாலும் நடிப்பாலும் நிகழ்த்திக் காட்டும் மேடைக்கலை. எவரை எவரோடு மோதவிடுவது, எந்த மோதலை எந்த வரிசையில் வைப்பது, எவர் பகையை எத்தனை வாரம் வளர்ப்பது என்பனவற்றை முடிவு செய்பவரைப் புக்கர் என்றும், அவர் வேலையைப் புக்கிங் என்றும், அவர் வகுக்கும் நிகழ்ச்சிநிரலைக் கார்டு என்றும் அத்துறையினர் வழங்குவர். இந்த வேலையையே விளையாட்டாக்கிய வீடியோ கேம்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தனி மரபாக வளர்ந்துள்ளன. இவற்றை ஆடுபவர் மல்லராகிக் குத்துவதில்லை; தேதி பார்க்கிறார், சம்பளம் பேசுகிறார், காயம்பட்டவருக்கு மாற்று தேடுகிறார், கடைசி மோதல் முடியும்வரை கூட்டம் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்கிறார். ஆகவே இம்மரபின் கிளைகளைப் பிரித்தறிய ஒரு கேள்வியே போதுமானது: ஒவ்வொரு விளையாட்டும் தன் பார்வையாளர் கூட்டத்தை எவ்வாறு கணக்கிட்டு வைத்திருக்கிறது?

தேனி வட்டாரம் அறிந்த முன்மாதிரி

மாசியில் தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் சிவராத்திரித் திருவிழாவும், சித்திரையில் வீரபாண்டிக் கௌமாரியம்மன் திருவிழாவும் கூட்டம் திரட்டும் தேனி வட்டாரத்திற்குப் புக்கர் வேலை புதியதன்று. மதுரை, திண்டுக்கல், தேனிப் பகுதிகளின் ஊர்த் திருவிழாக்களில் இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நடக்கும் ஸ்பெஷல் நாடகம் இவ்வேலையின் அடிப்படையில்தான் நிற்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த பனுவல்களைப் பெரிதும் சார்ந்த இந்நாடக முறையில் நிலையான குழு இல்லை, இயக்குநர் இல்லை, ஒத்திகையும் இல்லை. விழாக் குழுவினர் நடிகர் சங்கம் வழியாகவோ ஏஜென்ட் வழியாகவோ ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி, முன்பணம் கொடுத்துத் தேதி வாங்குகின்றனர். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து சேரும் கலைஞர்கள் பல வேளைகளில் அன்றிரவு மேடையருகேதான் ஒருவரையொருவர் சந்திக்கின்றனர்.

வள்ளி கதை நாடகமாகும் இரவில், வள்ளி முருகனைத்தான் மணப்பாள் என்பது முன்வரிசைச் சிறுவனுக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதைக்கு ஊர் விடிய விடிய உட்கார்ந்திருப்பதற்குக் காரணம், வள்ளிக்கும் நாரதருக்கும், பின்னர் வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கத்தில் அன்று யார் யாரை மடக்குவர் என்ற ஆவல். எனவே ஒரே தரமுள்ள ஸ்திரீபார்ட்டையும் ராஜபார்ட்டையும் எதிரெதிரே நிறுத்தத் தெரிந்த விழாக் குழு பெயர் வாங்குகிறது. நோட்டீஸில் பெரிய படம் போட்டு ஒருவரை மட்டும் அழைத்து, எதிரே நிற்பவரைப் பற்றிக் கவலைப்படாத குழு, நள்ளிரவிலேயே காலிப் பாய்களைப் பார்க்க நேர்கிறது. முடிவு தெரிந்திருப்பது மேடைக்குக் குறையாகாது, பொருத்தம் தவறுவதே குறை என்னும் இந்தப் பாடம் மல்யுத்தப் புக்கிங்கிற்கும் முதல் பாடம்.

மல்யுத்தம் வந்த வழி

தொழில்முறை மல்யுத்தத்தின் பகை வளர்க்கும் கலையை இந்தியப் பார்வையாளருக்குப் பெரிய அளவில் அறிமுகப்படுத்தியவை, 1950களில் தாராசிங்கும், கிங்காங் என்ற பெயரில் புகழ்பெற்ற எமில் சாயாவும் மோதிய நிகழ்ச்சிகள். மலைபோன்ற அயல்நாட்டு மல்லர் ஒருபுறம், பஞ்சாபிலிருந்து வந்த நாயகன் மறுபுறம் என்ற எளிய எதிர்நிலை அரங்குகளை நிரப்பியது. துறையில் மக்கள் ஆதரிக்கும் நல்லவரை ஃபேஸ் என்றும், மக்கள் ஏசும் வில்லனை ஹீல் என்றும் குறிப்பிடுவர். தாராசிங்–கிங்காங் இணை இவ்விரு பாத்திரங்களின் கச்சிதமான எடுத்துக்காட்டு.

அடுத்த தலைமுறைக்கு மல்யுத்தம் கேபிள் டிவி வழியே வந்தது. பெட்டிக்கடைகளில் விற்ற ட்ரம்ப் கார்டுகளும் அதோடு சேர்ந்து வந்தன. மல்லரின் ரேங்க், உயரம், எடை, மார்பளவு, கைச்சதை அளவு ஆகியவை அச்சிட்ட அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த எண்ணைச் சொன்னால் எதிராளியின் அட்டையைப் பறிக்கலாம் என்று கணக்கிட்ட பள்ளிச் சிறுவர்கள், ஒரு மல்லரை எண்களின் தொகுதியாகப் பார்க்கப் பழகினர். நிர்வாக விளையாட்டுகளின் முதல் படியும் அதுவே. ஆனால் ட்ரம்ப் கார்டில் ரேங்க் தவிர மற்றவற்றில் பெரிய எண் சிறிய எண்ணை எப்போதும் வெல்லும்; அங்கே கூட்டம் இல்லை, அலுப்பு இல்லை, நாளைய நிகழ்ச்சி இல்லை. இவற்றைச் சேர்க்கும்போதுதான் அட்டை விளையாட்டு நிர்வாக விளையாட்டாகிறது.

எண் மரபு

முதல் மரபை நிறுவியவர் பிரிட்டனைச் சேர்ந்த ஆடம் ரைலண்ட். 1990களின் நடுவில் தொடங்கிய அவருடைய எக்ஸ்ட்ரீம் வார்ஃபேர் வரிசை, 2002இல் இலவசமாக வெளிவந்த எக்ஸ்ட்ரீம் வார்ஃபேர் ரிவெஞ்ச் மூலம் பரவலான பெயர் பெற்றது. 2004இல் தொடங்கிய டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங் என்னும் வரிசை, பின்னர் கிரே டாக் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் வழியாகப் பல பதிப்புகள் கண்டு, 2024இல் ஒன்பதாம் எண்ணிட்ட பதிப்பு வரை வந்துள்ளது. இவற்றில் மோதல்களைக் காட்டும் அசையும் படங்கள் இல்லை. பட்டியல்களும் மதிப்பெண்களும், மோதல் நடந்த விதத்தைக் கூறும் சில வரிகளுமே உண்டு. ரிவெஞ்ச் ஒவ்வொரு மல்லரையும் முரட்டுச்சண்டை, வேகம், நுட்பம், அடியின் கடுமை, அடிவாங்கி நடிக்கும் திறன், மக்களிடையே உள்ள பெயர், கவர்ச்சி, மனப்பாங்கு, நடத்தை என ஒன்பது கூறுகளாகப் பிரித்தது. நல்ல மல்லர் வேறு, மக்கள் அறிந்த மல்லர் வேறு என்னும் வேறுபாட்டைக் கணக்கிலேயே பதித்தது இதன் சாதனை.

இம்மரபு கூட்டத்தை எவ்வளவு நுணுக்கமாக அணுகுகிறது என்பதைப் பின்னைய பதிப்புகளின் ஒரு விதி காட்டும். நீண்ட, உச்சநிலை மோதல்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் கூட்டம் சோர்ந்துவிட்டதாக விளையாட்டு பதிவு செய்து, அடுத்த மோதலின் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. எனவே தேர்ந்த புக்கர் இரு பெரிய மோதல்களுக்கு நடுவே சுமாரான, சிறிய மோதல் ஒன்றை வேண்டுமென்றே செருகுகிறார். கடைசியாக நடக்கும் முதன்மை மோதலாகிய மெயின் ஈவென்டே நிகழ்ச்சியின் மதிப்பைப் பெரிதும் தீர்மானிப்பதால், அதற்குமுன் கூட்டத்தை இளைப்பாற விடுவது அவசியமாகிறது. ஸ்பெஷல் நாடகத்தில் பபூனும் டான்ஸும் கதைக்கு முன்னே வந்து ஊரைச் சிரிக்க வைத்துக் களைப்பைப் போக்குவதன் தர்க்கமும் இதுவே. நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று கூலி பேசும் ஒப்பந்தமும், நெடுங்கால எழுத்து ஒப்பந்தமும் இவ்விளையாட்டில் வெவ்வேறாக இருப்பதும் கவனிக்கத்தக்கது: முதல்வகையில் செலவு குறைவு, ஆனால் வேறு நிறுவனம் அதிகம் தந்தால் மல்லர் போய்விடக்கூடும்.

உண்மையான மல்லர்களின் பெயர்களைப் பயன்படுத்த உரிமம் தேவைப்படுவதால், ரைலண்ட் கார்னெல்வெர்ஸ் என்னும் முழுக் கற்பனை மல்யுத்த உலகைப் பயன்படுத்தினார். அதோடு, தகவல் தொகுப்பைத் திருத்தும் எடிட்டரையும் ஆடுபவர் கையில் கொடுத்ததால், விரும்பிய காலத்தையும் நாட்டையும் தாமே எழுதிச் சேர்த்து ஆடும் வழக்கம் வேரூன்றியது.

போட்டி மரபு

இரண்டாவது மரபு டிவியோடு இணைத்து ஆடும் கன்சோல் கருவிகளில் பிறந்தது. யூக்ஸ் நிறுவனம் உருவாக்கி டிஎச்க்யூ வெளியிட்ட ஸ்மாக்டவுன் வெர்சஸ் ரா 2006 என்னும் விளையாட்டில், ஜெனரல் மேனேஜர் பகுதி முதன்முறையாக இடம்பெற்றது. ஆடுபவர் டபிள்யூடபிள்யூஈ நிறுவனத்தின் ரா, ஸ்மாக்டவுன் ஆகிய இரு டிவி நிகழ்ச்சிகளில் ஒன்றைப் பொறுப்பேற்று, மல்லர்களைத் தேர்ந்தெடுத்து, வாரந்தோறும் எதிர் நிகழ்ச்சியைவிட அதிகப் பார்வையாளர்களை ஈர்க்க வேண்டும். இம்மரபில் கூட்டம் என்பது இரு கடைகளுக்கு நடுவே தராசு பார்க்கும் வாடிக்கையாளர். அவருக்கு நினைவு குறைவு, மாறும் மனம் அதிகம். 2007ஆம் ஆண்டில் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற இந்தியரான கிரேட் காளியை, 2008 பதிப்பில் தம் நிகழ்ச்சியின் தலைமை மல்லராக்கிப் பார்க்க இந்திய இளைஞர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. அடுத்த பதிப்பில் இப்பகுதி கைவிடப்பட்டது. 2011 பதிப்பில் வந்த யுனிவர்ஸ் பகுதி, பணக்கணக்கு இல்லாமல் கதையை மட்டும் தொடர்ந்து ஓட்ட இடம் தந்தது. வரவுசெலவு நெருக்கடியை விரும்பியவர்களுக்கு அது நிறைவளிக்கவில்லை.

2022 மார்ச்சில் வெளிவந்த டபிள்யூடபிள்யூஈ 2கே22, மைஜிஎம் என்னும் பெயரில் இப்பகுதியை மீட்டது. இதில் மல்லர்கள் சண்டைப் பாணியால் வகைப்படுத்தப்பட்டு, ராட்சத உருவினரோடு வேகமானவர் மோதினால் மதிப்பெண் கூடுவதுபோல், பொருத்தம் வெளிப்படையான விதியாக்கப்பட்டுள்ளது. புதியவர் எளிதில் கற்கலாம் என்பது இதன் நன்மை. ஒரே இணையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சலிப்பு விரைவில் வந்துவிடுவது இதன் குறை.

சப்த மரபு

மூன்றாவதாகிய ஜப்பானிய மரபின் தலைவாயில், ஹியூமன் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 1989இல் தொடங்கிய ஃபயர் புரோ ரெஸ்லிங் வரிசை. இதன் மையம் எடிட் பகுதி: ஒரு மல்லர் எந்த நிலையில் எந்தப் பிடியை எவ்வளவு வாய்ப்போடு பயன்படுத்துவார் என்பதை ஆடுபவரே நுணுக்கமாக எழுதிவைத்து, பின்பு இரு மல்லர்களையும் கணினியே இயக்க விட்டு, தாம் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்வையாளராகிறார். ஸ்பைக் சுன்சாஃப்ட் 2017இல் வெளியிட்ட ஃபயர் புரோ ரெஸ்லிங் வேர்ல்டிற்குப் பின்னர் சேர்க்கப்பட்ட ஃபயர் புரமோட்டர் பகுதி, இந்தப் பார்வையாளரை நிறுவன முதலாளியாக உயர்த்தியது. எண் மரபில் மோதலின் தரம் சூத்திரத்தால் வருகிறது. இங்கே அது கண்முன் நிகழும் மோதலின் ஏற்ற இறக்கத்தால் வருகிறது. சரியாக எழுதப்படாத மல்லர் முதல் நிமிடத்திலேயே தன் பெரிய பிடியைப் போட்டு மோதலைக் கெடுத்துவிடுவார். நிர்வாகத் திறமையும் பாத்திரம் எழுதும் திறமையும் ஒன்றேயாகும் இடம் இது. கூட்டம் இங்கே அரங்கின் ஆரவாரமாக, காதால் அறியப்படுவதாக இருக்கிறது.

கைபேசி மரபு

நான்காவது மரபு, பிரிட்டனைச் சேர்ந்த மேட் டிக்கி பெரும்பாலும் தனியொருவராக உருவாக்கியது. 2012இல் வந்த ரெஸ்லிங் ரெவல்யூஷன், 2021இல் தொடங்கிய ரெஸ்லிங் எம்பயர் ஆகியவை கைபேசிகளில் ஓடுவதால், விலையுயர்ந்த கன்சோல் வாங்க இயலாத சிற்றூர்களிலும் நுழைய முடிந்தன. இவற்றின் மல்லர்கள் கற்பனைப் பெயர் தாங்கியவர்கள், உருவங்கள் கரடுமுரடானவை, நடுவர் அடிபடுவதும், அழைக்காத மல்லர் மேடையேறுவதும், மேடைக்குப் பின்னால் பேரம் முறிவதும் இயல்பு. புக்கர் வகுத்த திட்டம் அவர் கண்முன்னே குலைவதை இம்மரபு மறைப்பதில்லை. அழகில் பின்தங்கினாலும், மேடை நிகழ்ச்சி என்பது எந்நேரமும் கைமீறக்கூடியது என்னும் உண்மைக்கு மற்ற மரபுகளைவிட இதுவே நெருக்கமானது.

அளவுகோல்கள்

இந்நான்கு மரபுகளையும் ஒப்பிட்டால், நல்ல நிர்வாக விளையாட்டுக்கு மூன்று தகுதிகள் வேண்டும் என்பது புலப்படும். முதலாவது, தோல்விக்கு விலை இருக்க வேண்டும்: ஒருவரை உயர்த்த மற்றொருவரைத் தோற்கடிக்கும்போது, தோற்றவர் பெயர் எவ்வளவு தேயும் என்பதை ஆடுபவர் எண்ணித் தயங்க வேண்டும். எண் மரபு இதில் முன்னிற்கிறது. இரண்டாவது, காத்திருப்புக்குப் பயன் இருக்க வேண்டும்: இன்றே நடத்தக்கூடிய பெரிய மோதலை எட்டு வாரம் தள்ளிவைத்துப் பகையை வளர்ப்பவருக்கு, அவசரப்படுபவரைவிட அதிகம் கிடைக்க வேண்டும். போட்டி மரபு பகை வளர்வதைக் கணக்கில் வைத்தாலும், வாராந்தர எண்ணிக்கையின் அழுத்தத்தால் அவசரக்காரருக்கே இடம் கொடுத்துவிடுகிறது. மூன்றாவது, தற்செயலுக்கு இடம் இருக்க வேண்டும். ஆனால் அது திட்டத்தைப் பயனற்றதாக்கிவிடக் கூடாது. ஜப்பானிய மரபும் கைபேசி மரபும் இத்தகுதியின் இரு எல்லைகளில் நிற்கின்றன.

எம்மரபும் இன்னும் எட்டாத இடம் ஒன்றுண்டு. இவ்விளையாட்டுகளில் கூட்டம் மதிப்பிடுகிறது, சோர்கிறது, ஆரவாரிக்கிறது. ஆனால் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை. ஸ்பெஷல் நாடகத்தில் நன்றாகப் பாடியவருக்கு நடுவிலேயே ஒருவர் மேடையேறி அன்பளிப்புக் கொடுப்பார். அதை மைக்கில் அறிவிக்க வேண்டும். கேட்ட பாட்டைப் பாடாவிட்டால் குரல் எழும். நடிகர் கதையை நிறுத்திப் பதில் சொல்லிவிட்டுத் தொடர்வார். கூட்டம் நிகழ்ச்சிநிரலைத் திருத்தும் இத்தகைய மேடைக்குக் கணக்கு எழுதிய விளையாட்டு இன்னும் வரவில்லை. மேற்கத்திய அரங்கையும் டிவி நிகழ்ச்சியையும் மாதிரியாகக் கொண்டதால் ஏற்பட்ட குறை இது.

இக்குறையைப் போக்கும் வாய்ப்பு ஓரளவு ஆடுபவர் கையிலேயே இருக்கிறது. எண் மரபின் எடிட்டரில் தாராசிங் காலத்து அரங்குகளையோ, ஊர் ஊராகத் தேதி வாங்கிச் சுற்றும் ஒரு கற்பனைத் தமிழக மல்யுத்தக் குழுவையோ எழுதிச் சேர்க்கத் தடையில்லை: பங்குனி முதல் ஆடி வரை திருவிழாக் காலம், ஐப்பசி கார்த்திகையில் மழையால் வருமானக் குறைவு, மதுரையில் பெயர் வாங்கியவருக்குக் கம்பத்தில் கிடைக்கும் மதிப்பு என்பனவற்றை எண்களாக்கிவிடலாம். அன்பளிப்பையும் எதிர்ப்பேச்சையும் சேர்க்க விளையாட்டின் சூத்திரத்தையே மாற்ற வேண்டியிருக்கும்; அதற்கு நிரலெழுதத் தெரிந்தவரும், விழாக் குழுவில் இருந்து பழகியவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஐந்தாவது மரபு ஒன்று தோன்றுமானால், அது மல்லர்களின் உருவத்தை இன்னும் தெளிவாக வரைவதால் தோன்றாது. கூட்டத்தை இன்னும் நேர்மையாகக் கணக்கிடுவதால் தோன்றும்.