குகைக்கு அவன் பெயர்

ஓர் ஊரைச் சுற்றிக் காட்டுவதும் கதை சொல்வதுதான். வண்டி எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்காமல் போக வேண்டும், நின்ற இடத்தில் யாருடைய பெயரைச் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். சிறுகதையையும் சினிமாவையும் பெண்ணின் பக்கம் நின்று வாசிக்கப் பழகியிருக்கும் நாம், இந்தக் கதையை மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். கொடைக்கானலில் வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டும் ஒரு நாள் ‘சைட் சீயிங்’கை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்ப்போம்.

பத்துப் பன்னிரண்டு பேர் ஏறும் வேன். பெரும்பாலும் ஓட்டுநரே வழிகாட்டி. ஏரி, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக், மோயர் பாயிண்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறைகள், பசுமைப் பள்ளத்தாக்கு, குறிஞ்சி ஆண்டவர் கோயில். முன்பின் மாறினாலும் பட்டியல் இதுதான். பழனியில் முருகனைப் பார்த்துவிட்டு அங்கிருந்து 65 கிலோமீட்டர் மலையேறி வருகிறவர்கள், திண்டுக்கல், மதுரை, ஈரோட்டிலிருந்து சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து வருகிற பெண்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள் என்று எல்லோருக்கும் ஒரே பட்டியல், ஒரே கதை.

அந்தக் கதையில் வரும் பெயர்களைக் கவனியுங்கள். 1863இல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கியவர் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச். 1872இல் மலை விளிம்பில் நடைபாதை போட்டவர் லெப்டினன்ட் கோக்கர். 1908இல் பூங்காவைத் திட்டமிட்டவர் பிரையண்ட். பைன் காடும் அவர் கைவண்ணம் என்கிறார்கள். மோயர் பாயிண்ட்டுக்குப் பெயர் தந்தவர் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி. வெள்ளைக்கார ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து ஒரு காலி மலையில் ஊரை உண்டாக்கிவிட்டுப் போனதுபோலத்தான் கேட்கிறவர்களுக்குத் தோன்றும். அவர்களுக்கு முன்பே இந்தக் காடுகளில் வாழ்ந்த பளியர்கள் கதைக்குள் வருவதே இல்லை. பாதை போட்டபோது கல் உடைத்த கைகளும், மலைச்சாலை வருமுன் துரைகளையும் துரைசானிகளையும் நாற்காலியில் வைத்து மேலே தூக்கி வந்த தோள்களும் வருவதில்லை.

இது எந்தச் சுற்றுலாத் தலத்திலும் நடப்பதுதான் என்று விட்டுவிடலாம். ஆனால் கொடைக்கானல் சுற்றின் உச்சக்கட்டம் வேறு ஓர் இடத்தில் இருக்கிறது. அங்கேதான் இந்தப் பிரதி பெண்ணை என்ன செய்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது.

ஆங்கிலேயர்கள் அந்தப் பாறைப் பிளவுக்கு ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பிசாசின் அடுப்படி. பாண்டவர்கள் சமைத்த இடம் என்றும் ஒரு கதை உண்டு. 1991 தீபாவளிக்கு, சந்தானபாரதி இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த ‘குணா’ வந்தது. அதற்குப் பிறகு அது குணா குகை. சமையலறை போய், ஓர் ஆணின் பெயர் வந்துவிட்டது.

படத்தின் கதை நமக்குத் தெரியும். மனநிலை பிறழ்ந்த குணாவின் மனத்துக்குள் அபிராமி என்று ஒரு தெய்வப் பெண் இருக்கிறாள். கோயிலில் பார்த்த ஒருத்தியை அவள்தான் அபிராமி என்று நம்பி, கடத்திக்கொண்டுவந்து குகையில் வைக்கிறான். அந்தப் பெண்ணின் பெயர் ரோகிணி. அவள் மறுக்கிறாள், தப்பிக்கப் பார்க்கிறாள். பிறகு மெல்ல மெல்ல அவனை நேசிக்கத் தொடங்குகிறாள். முடிவில் இருவரும் இறந்துபோகிறார்கள். குணாவைத் தமிழ் சினிமாவின் முக்கியமான பாத்திரங்களில் ஒன்றாகச் சொல்வதை மறுக்கத் தேவையில்லை. அவனுடைய நோயையும், அவன் வளர்ந்த வீட்டின் கொடுமையையும் படம் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் வேனில் சொல்லும் கதையில் நோயும் இல்லை, வீடும் இல்லை. “உண்மையான காதல்னா என்னன்னு காட்டின எடம் இதுதான்க்கா” என்று ஒரே வாக்கியமாக அது சுருங்கிவிடுகிறது. கடத்தல் என்ற சொல் அந்த வாக்கியத்தில் இல்லை.

அந்தப் புகழ்பெற்ற பாட்டையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அது ஒரு கடிதம். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். அவன் தடுமாறித் தடுமாறிப் பேச்சாகச் சொல்வதை அவள்தான் ராகத்தோடு பாடிக் காட்டுகிறாள். கடத்தப்பட்ட பெண், தன்னைக் கடத்தியவன் தனக்கே எழுதும் காதல் கடிதத்துக்குத் தன் கையையும் குரலையும் தருகிறாள். அதைப் பெறுகிறவளும் அவளாக இல்லை. அது அபிராமிக்குப் போகும் கடிதம். ரோகிணி தன் ஊரையும் வீட்டையும் இழந்தது போலத் தன் பெயரையும் இழந்திருக்கிறாள். குகைக்கு அவன் பெயர் வந்தது. அவள் பெயர் அவளிடமே மிஞ்சவில்லை. வாசலில் நின்று படம் எடுக்கிறவர்களிடம் நாயகியின் பெயரைக் கேட்டால் அபிராமி என்றுதான் பதில் வரும்.

2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தது. 2006இல் கேரளத்திலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் இதே குகைக் குழிக்குள் விழுந்ததையும், இன்னொருவர் இறங்கி அவரை மீட்டதையும் சொல்லும் மலையாளப் படம். அதே பாட்டு இப்போது ஆண்களின் நட்புக்குச் சாட்சியாக ஒலித்தது. அரங்கங்களில் கண் கலங்கினார்கள், குகைக்குக் கூட்டம் பெருகியது. பாட்டில் மிச்சமிருந்த அந்தப் பெண் குரலுக்கும் இப்போது கதை இல்லை. ஒரு பெண் சிறைவைக்கப்பட்ட இடம் முதலில் காதலின் நினைவிடமாகவும் பிறகு நட்பின் நினைவிடமாகவும் ஆகிவிட்டது. இரண்டிலும் அவளைப் பற்றிய பேச்சு இல்லை.

அங்கே அந்தப் பாட்டை உரக்கப் பாடுகிறவர்களில் பெண்கள் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். அதை ஏளனம் செய்வது சுலபம், நேர்மையற்றதும்கூட. ஐந்து மணிக்கு எழுந்து சோறு கட்டி வைத்துவிட்டு, பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, மாதா மாதம் சீட்டுப் போட்ட பணத்தில் ஒரு நாள் அடுப்படியை விட்டு வெளியே வந்தவர்கள் அவர்கள். யாரும் சத்தத்தைக் குறை என்று சொல்லாத ஓர் இடத்தில் வாய்விட்டுப் பாடுகிறார்கள். அந்தச் சந்தோஷம் அவர்கள் உழைத்துச் சேர்த்தது. என்னுடைய வருத்தமெல்லாம் இதுதான்: அந்தச் சந்தோஷத்துக்கு இந்த மலை கொடுக்கும் பாட்டு, ஒருத்தியைத் தூக்கிவந்து அடைத்து வைத்தவனின் பாட்டாக இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் பின்தொடர்ந்து வருகிறவனும், மறுத்த பெண்ணின் முகத்தைச் சிதைக்கிறவனும் தன்னைக் காதலன் என்றுதான் சொல்லிக்கொள்கிறான். பிடிவாதமே காதல் என்று நம் பெண் குழந்தைகள் படிக்கும் பாடங்களில் இந்தக் குகை வாசலும் ஒன்று.

அடுத்து வருவது பசுமைப் பள்ளத்தாக்கு. பழைய பெயர் ‘சூசைட் பாயிண்ட்’. பெயர்ப்பலகையை மாற்றியாயிற்று, வழிகாட்டியின் வாய் மாறவில்லை. நான் போன மூன்று வேன்களிலும் இங்கே ஒரே நகைச்சுவைதான். மாமியாரோடு சண்டை போட்டவர்கள் கை தூக்குங்கள், பெண்டாட்டியைக் கூட்டி வந்தவர்கள் விளிம்புக்கு வாருங்கள். எல்லோரும் சிரித்தார்கள். காதல் தோல்வி என்று அவர் ஒரு வார்த்தையில் முடித்ததற்குள் சாதியும், வரதட்சணையும், வீட்டுக்குத் திரும்ப முடியாத நிலையும் இருக்கக்கூடும் என்று யோசிக்க வேனில் நேரம் கிடையாது. பதினைந்து நிமிடம், பிறகு மக்காச்சோளம்.

சுற்றின் பட்டியலில் ஒரு பெண் கட்டிய இடம் ஒன்று இருக்கிறது. குறிஞ்சி ஆண்டவர் கோயில். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து பழனி மலை தெரியும். ‘ஒரு வெள்ளைக்காரம்மா நம்ம சாமி மேல பக்தி வந்து, இந்துவா மாறி, தமிழரைக் கல்யாணம் பண்ணி, 1936ல கட்டினாங்க’ என்பது வேன் கதை. தவறில்லை. ஆனால் எவ்வளவு குறைவு! அவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆர். எல். ஹாரிசன். இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் செயலாளராக இருந்து, பின்னர் அவரை மணந்து லீலாவதி இராமநாதன் ஆனார். 1905-06இல் இராமநாதன் அமெரிக்கா சென்ற பயணத்தை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். இராமநாதன் 1913இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய பெண்கள் கல்லூரியின் நிர்வாகத்திலும் அவருக்குப் பெரும் பங்கு இருந்தது. பயண நூல் எழுதிய ஒரு பெண்ணின் கோயில் வாசலில் பயணிகளாக நிற்கிறோம்; அவர் எழுத்தாளர் என்பதே நமக்குச் சொல்லப்படுவதில்லை. அந்த நூலும் ஓர் ஆணின் பயணத்தைத்தான் எழுதியது என்பதையும் நாம் வாசித்தாக வேண்டும். குணாவின் கடிதத்தை எழுதியவளுக்கும் இவருக்கும் இடையே பெரிய தூரம் உண்டு. இவர் கற்றவர், தானே தேர்ந்தெடுத்தவர், செல்வாக்கும் உள்ளவர். இருந்தும் இருவரையும் நாம் ஓர் ஆணின் வழியாகவே அறிந்துகொள்கிறோம்.

வேன் நிற்காத இடங்களுக்கு வருவோம். அட்டுவம்பட்டியில் 1984இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெண்களுக்கென்றே உள்ள அரசுப் பல்கலைக்கழகம். பெண்கள் நிறைந்த எத்தனையோ வேன்கள் இந்த மலைக்கு வந்து போகின்றன. இப்படி ஓர் இடம் இங்கே இருப்பதை, மகளைப் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கவைக்கும் ஓர் அம்மாவிடம் யாராவது ஒரு வரி சொல்லலாம்.

செயின்ட் மேரிஸ் சாலைப் பக்கம் ஒரு வெப்பமானி ஆலை இருந்தது. 1980களில் அமெரிக்காவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டு, பின்னர் இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்டு, ஊர்மக்கள் போராடிய பிறகு, 2001இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் தங்கள் உடல்நலக் கேட்டுக்கு நியாயம் கேட்டுப் பதினைந்து ஆண்டுகள் போராடினார்கள். நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. 2015இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப், நிக்கி மினாஜ் என்ற பெண் ராப் கலைஞரின் மெட்டை எடுத்து ‘கொடைக்கானல் வோன்ட்’ என்று ஒரு பாட்டுப் பாடினார். அது உலகம் முழுக்கப் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பாட்டால் மட்டும் அது நடக்கவில்லை. தொழிலாளர்களின் நீண்ட போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. ஆனாலும் பாட்டு அதைப் பல நாடுகளுக்குக் கேட்கவைத்தது.

ஆக, இந்த ஊருக்கு இரண்டு பாட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் ஒரு பெண், அடைத்து வைத்தவனின் சொற்களைப் பாடுகிறாள். மற்றொன்றில் ஒரு பெண், பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லித் தன் சொற்களால் கணக்குக் கேட்கிறாள். வேனில் ஒலிப்பது முதல் பாட்டு மட்டும்.

இதற்கு வழிகாட்டியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வண்டிக்குத் தவணை கட்ட வேண்டும், இ-பாஸ் வந்த பிறகு கூட்டத்துக்கு ஏற்பச் சவாரி கூடலாம் குறையலாம், சிரிக்கவைத்தால்தான் இறங்கும்போது கையில் ஏதாவது கிடைக்கும். கேட்கிறவர்களுக்குப் பிடித்ததைச் சொல்கிறார். அப்படியென்றால் கேட்கிறவர்கள் மாறினால் கதையும் கொஞ்சம் மாறும். “தம்பி, அந்தப் பொண்ணு பேரு அபிராமி இல்ல, ரோகிணி” என்று ஒரு அக்கா சொன்னால் போதும். அடுத்த வேனில் அவர் அதைத் தன் சரக்காகவே சொல்லுவார். சாலையோரத்தில் காரட்டும் வெண்ணெய்ப் பழமும் விற்கும் பெண்களிடம் விலை கேட்பதோடு எந்த ஊர், யார் தோட்டம் என்றும் கேட்கலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டை வாங்கும்போது, அதை நட்டுக் களையெடுத்துத் தரம் பிரிப்பது யார் என்று விசாரிக்கலாம். ஒன்பது மணிக்கு ஏறிய பெண்கள் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் ஏன் வருகிறார்கள், நல்ல கழிப்பறை உள்ள இடத்தில் ஏன் பத்து நிமிடம் நிறுத்தக்கூடாது என்று கேட்பதும் இந்தப் பிரதியைத் திருத்தி எழுதுவதுதான்.

மாணவிகள் இதைக் களப்பணியாகவே செய்யலாம். ஒரு நாள் வேனில் ஏறுங்கள். சொல்லப்படும் ஆண் பெயர்கள் எத்தனை, பெண் பெயர்கள் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். நகைச்சுவை எங்கெங்கே வருகிறது, யாரைப் பற்றி வருகிறது என்றும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே சாலையில் நீங்கள் நிறுத்த விரும்பும் ஒன்பது இடங்களைப் பட்டியலிடுங்கள். என் பட்டியலிலும் குணா குகை இருக்கும். அங்கே இறங்கி, கம்பி வேலிக்கு இப்பால் நின்று, ரோகிணியின் கதையைத்தான் முதலில் சொல்வேன்.