கூடாது என்று சொல்லாத வரைபடம்

வெள்ளத்துக்குக் கணினிதான் மருந்து என்பது சென்னையில் ஆட்சி மாறினாலும் மாறாத கொள்கையாகிவிட்டது. உணர்கருவி, வெள்ள மாதிரி, டேஷ்போர்டு என்று வளர்ந்து இப்போது ‘டிஜிட்டல் இரட்டை’யில் வந்து நிற்கிறது. நகரத்தின் நகலைக் கணினிக்குள் கட்டி, அதன்மேல் மழையைப் பெய்யவிட்டுப் பார்ப்பார்களாம். 2015ல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டம் நூறு நகரங்களுக்கும் ஆளுக்கொரு கட்டுப்பாட்டு அறையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. உலக வங்கி, வெளிநாட்டு அறக்கட்டளைகள், ஆலோசனை நிறுவனங்கள் எல்லாம் நகரங்களின் கையைப் பிடித்து இந்தக் கருவிகளைப் பழக்குகின்றன. விருதுகளும் வருகின்றன. யாராவது குறுக்கே கேள்வி கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நம்மிடம் தரவு இல்லை, இப்போது இருக்கிறது. இந்தப் பதிலை ஏற்க முடியவில்லை. அந்த ஆண்டு சென்னையை மூழ்கடித்தது தரவுப் பஞ்சம் இல்லை.

கொடுக்க வேண்டிய பாராட்டை முதலில் கொடுத்துவிடலாம். தேசியக் கடலோர ஆய்வு மையம் ஐ.ஐ.டி.க்களோடும் அண்ணா பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து உருவாக்கிய ‘சி-புளோஸ்’ என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பு நல்ல அறிவியல். மழையை மட்டும் கணக்கில் எடுக்காமல் கடல் ஓதத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. அடையாறு, கூவம் முகத்துவாரங்களில் கடல் ஏறி நிற்கும்போது ஆற்றுத் தண்ணீர் வடியாது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதே வகை அமைப்பு 2020 ஜூனில் மும்பைக்கும் போனது. சூரத்தில் 2006 வெள்ளத்துக்குப் பிறகு உகாய் அணையின் நீர்த்திறப்பையும் நகரத்தின் எச்சரிக்கையையும் இணைத்தார்கள். மக்களை வெளியேற்ற நேரம் கிடைக்கிறது. படகை எங்கே நிறுத்துவது, எந்தப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவைப்பது, எந்த மின்மாற்றியை முன்கூட்டி நிறுத்துவது என்பதற்கெல்லாம் இவை உதவும். உயிர்கள் பிழைக்கும். இதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் இந்தக் கருவிகளை விற்பவர்களும் வாங்குபவர்களும் சொல்லும் பெயர் ‘திட்டமிடல்’. அங்கேதான் சண்டை.

2015 நவம்பரிலேயே ஏரிகள் நிரம்பியிருந்தன. பெருமழை வருகிறது என்ற முன்னறிவிப்பும் இருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டதைக் குறைகூறிய தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, 2018ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அந்த வெள்ளம் மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றே சொன்னது. திறந்துவிட்ட தண்ணீர் போன வழியில் என்னென்ன இருந்தன? விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே நீண்டிருக்கிறது. பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள் நிற்கின்றன. வீட்டுவசதி வாரியம் ஏரிகளுக்குள் மனை பிரித்ததை மறைக்கக்கூட இல்லை. முகப்பேரில் ஒரு பகுதிக்கு இன்றைக்கும் பெயர் ‘ஏரித் திட்டம்’. இவை ஒன்றையும் கண்டுபிடிக்கச் செயற்கைக்கோள் தேவைப்பட்டிருக்காது. எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் தாலுகா அலுவலகத்து ‘அ’ பதிவேடு போதும்.

பிறகு கருவிகள் வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வந்தது. நாட்கணக்கில் முன்பே எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கை பொய்க்கவும் இல்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், பெரும்பாக்கம் என்று எல்லோரும் எதிர்பார்த்த இடங்களிலேயே தண்ணீர் நின்றது. வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டுமானத்துக்காகத் தோண்டிய ஆழமான பள்ளம் சரிந்து, அதில் சிக்கிய தொழிலாளர் இருவர் மாண்டார்கள். ஒரு காலத்தில் ஏரியும் சதுப்புமாக இருந்த ஊரில் அவ்வளவு ஆழத்துக்குப் பள்ளம் தோண்டலாம் என்று முடிவான நேரத்தில் வெள்ள மாதிரிக்கு என்ன வேலை இருந்தது? ஒன்றுமில்லை. அந்த மாதிரியிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. என் நெடுநாள் புகார் இந்த ஒன்றுதான். மற்றவையெல்லாம் இதன் கிளைகள்.

கட்டட அனுமதி எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். தாழ்வான இடத்தில் பெரிய குடியிருப்பு கட்ட விரும்புகிறவர் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் விண்ணப்பிக்கிறார். மனை நீர்நிலைக்குப் பக்கத்தில் இருந்தால் அல்லது தண்ணீர் தேங்கக்கூடியதாக இருந்தால் நீர்வளத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். துறைப் பொறியாளர்கள் இடத்தைப் பார்க்கிறார்கள், அந்தப் பகுதியில் வெள்ளம் எந்த மட்டம்வரை ஏறியது என்று கணக்கெடுக்கிறார்கள். அதன்பின் சான்று தருகிறார்கள், நிபந்தனையோடு. என்ன நிபந்தனை? மனையை வெள்ள மட்டத்துக்கு மேலே இத்தனை உயரம் மண்கொட்டி உயர்த்திக்கொள்ள வேண்டும். சுற்றிலும் வடிகால் அமைத்துக்கொள்ள வேண்டும். ஆக, வெள்ளம் வரும் என்பது தெரியும். எவ்வளவு உயரம் வரும் என்பதும் தெரியும். அந்த அறிவு அனுமதியை மறுக்கப் பயன்படவில்லை. எத்தனை லாரி சவுடு மண் அடிக்க வேண்டும் என்று கணக்குப் போடப் பயன்பட்டது. உயர்த்திய மனையில் நிற்காத தண்ணீர் பக்கத்துத் தெருவில் போய் நிற்கும். பக்கத்துத் தெருக்காரர்கள் அடுத்த மழைக்குள் தங்கள் வாசலை உயர்த்துவார்கள். மாநகராட்சி சாலையை உயர்த்தும். சென்னையின் புறநகர்களில் பழைய வீடுகளுக்குள் படியிறங்கிப் போக வேண்டியிருப்பது இப்படித்தான்.

இந்த நடைமுறைக்குள் இன்னும் துல்லியமான மாதிரியைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? மண் அடிக்கும் கணக்கு சென்டிமீட்டர் சுத்தமாக வரும். வேறொன்றும் ஆகாது.

பள்ளிக்கரணையைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். 1960களில் ஏறத்தாழ 5,500 ஹெக்டேர் என்று மதிப்பிடப்பட்ட சதுப்பு பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. சுருக்கியவர்களில் அரசு முதல் வரிசையில் இருக்கிறது: பெருங்குடி குப்பைமேடு, சாலைகள், ஆய்வு நிறுவனங்கள். சி-புளோஸை உருவாக்கிய ஆய்வு மையமே வேளச்சேரி–தாம்பரம் சாலையில், இந்தச் சதுப்பை ஒட்டிய வளாகத்தில்தான் இயங்குகிறது. விஞ்ஞானிகளைக் கேலிசெய்ய இதைச் சொல்லவில்லை, இடம் ஒதுக்கியது அவர்கள் இல்லை. வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்லும் அறையிலிருந்து ஜன்னலைத் திறந்தால் வெள்ளத்தின் காரணம் தெரியும். ஆனால் கணினிக்குள் ஏற்ற வேண்டிய தரவாக அது கருதப்படுவதில்லை. 2022ல் பள்ளிக்கரணை, சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ராம்சார் ஈரநிலமானது. மூன்று ஆண்டு கழித்து 2025ல், எல்லைகளைக் களத்தில் சரிபார்த்து முடிக்கும்வரை ராம்சார் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட வேண்டியிருந்தது. நகரத்தின் நகலையே கணினிக்குள் கட்டப்போகிறவர்கள், ஒரு சதுப்பின் எல்லைக்கல்லை நடாமல் மூன்று ஆண்டு கழித்தார்கள். ‘கூடாது’ என்ற சொல் தீர்ப்பாயத்திலிருந்துதான் வந்தது, எந்த மென்பொருளிலிருந்தும் வரவில்லை.

வெள்ள வரைபடத்துக்கு அதிகாரமே இல்லை என்று சொன்னால் அதுவும் முழு உண்மையாகாது. ஒரு சாரார் மீது அதற்கு அபாரமான அதிகாரம் உண்டு. 2015க்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளில் குடிசை போட்டிருந்தவர்களை, வெள்ள ஆபத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் அப்புறப்படுத்தினார்கள். பெரும்பாலோரைக் கொண்டுபோய் வைத்த இடம் பெரும்பாக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பில், இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளோடு எழுப்பிய அடுக்குமாடிகள். மழைக்காலத்தில் அந்தக் குடியிருப்பும் தீவாகிறது. ஆற்றங்கரையில் குடிசைக்கு ‘கூடாது’ என்று சொன்ன அதே வரைபடம், சதுப்பில் அரசு கட்டிய மாடிக்கும் தனியார் கட்டிய மாடிக்கும் வாய் திறக்கவில்லை.

கருவியின் ஆதரவாளர்களுக்கு இதற்கும் பதில் உண்டு. கருவி தகவல்தான் தரும், முடிவெடுப்பது அரசியல், அதற்குக் கருவியைக் குறை சொல்லலாமா என்பார்கள். நியாயமான பேச்சு போலத் தெரியும். ஆனால் வெள்ள மாதிரிகள் தரையைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துப் பேசுகின்றன. நிலம் வாங்குவதும் விற்பதும் பத்திரம் பதிவதும் அனுமதி கேட்பதும் புல எண்ணில் நடக்கின்றன. கட்டத்தின் நிறத்தைப் புல எண்ணாக மாற்றினால்தான் அதற்குச் சட்டத்தில் இடம் கிடைக்கும். தொழில்நுட்பத்தில் இது பெரிய வித்தையில்லை. நில அளவைப் பதிவுகளே கணினிக்கு வந்துவிட்டன. அப்படி ஒரு பட்டியல் வந்த மறுநாளே நிலத்தின் விலை விழும், வங்கி கடன் தரத் தயங்கும். அதனால்தான் ஆலோசனை நிறுவனங்கள் தரும் அறிக்கைகளில் வண்ணப் படங்கள் இருக்கும், புல எண் இருக்காது. யாருக்கும் நஷ்டம் வராத அளவுக்கு மங்கலாக இருப்பதை இந்த வரைபடங்களின் இலக்கணமாகவே வைத்திருக்கிறார்கள். இதை அரசியல் என்று ஒதுக்கிவிட்டுக் கருவியை மட்டும் தனியே பாராட்டச் சொல்கிறார்கள். பல்லைப் பிடுங்கிய பாம்பைக் காட்டிக் காசு வசூலிப்பதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

வேறு வழி இல்லாமலும் இல்லை. நெதர்லாந்தில் 2003 முதல் எந்த நிலப் பயன்பாட்டுத் திட்டமும் நீர் வாரியத்தைக் கலந்தே தயாராக வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் 1968ல் தொடங்கிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில், வரைபடத்தில் வெள்ள வலயத்துக்குள் வரும் வீட்டுக்கு வங்கிக்கடன் வேண்டுமானால் காப்பீடு எடுத்தாக வேண்டும். திட்டத்தில் சேரும் ஊர் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தவும் வேண்டும். அந்த ஏற்பாட்டில் ஓட்டைகள் ஏராளம். ஆனாலும் அங்கே வரைபடத்தை எதிர்த்து மக்கள் மேல்முறையீடு செய்கிறார்கள், நிபுணரை வைத்து வாதாடுகிறார்கள். நம் வெள்ள மாதிரிகளை எதிர்த்து ஒரு கட்டுமான நிறுவனம் நீதிமன்றம் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எதற்குப் போக வேண்டும்? அவற்றால் யாருக்கு என்ன தொந்தரவு?

தொந்தரவு தரும் வரைபடத்துக்கு இங்கே என்ன நேரும் என்பதற்கு எண்ணூர் இருக்கிறது. 1996ல் ஒப்புதல் பெற்ற கடற்கரை வரைபடத்தில் காக்கப்பட வேண்டிய நீர்ப்பரப்பாக இருந்த கழிமுகம், பிற்பாடு அதிகாரிகள் காட்டிய இன்னொரு வரைபடத்தில் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக அது வெளிவந்து 2017ல் பெரும் சர்ச்சையானது, பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘சென்னைப் புறம்போக்கு’ பாடலை எண்ணூருக்காகப் பாடியதும் அந்த ஆண்டுதான். அங்கே தரவு இல்லாமல் போகவில்லை. இருந்த தரவு சட்ட வலிமையோடு இருந்தது, ஆகவே அதை இல்லாமல் ஆக்க வேண்டியிருந்தது.

வெளிநாட்டு உதவியின் ஆயுளையும் இங்கே சொல்லிவிடலாம். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ‘நூறு மீள்திறன் நகரங்கள்’ திட்டத்தின் கீழ் சென்னை தன் உத்தி அறிக்கையை வெளியிட்டது 2019ல், ஏரிகள் வறண்டு நகரம் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த கோடையில். அதே ஆண்டு அந்தத் திட்டம் இழுத்து மூடப்பட்டது. கருவி தருகிறவர்கள் போய்விடுவார்கள். விதி இருந்தால் அது இருக்கும். செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும், திருவான்மியூருக்குத் தெற்கே நிலத்தடிநீர் ஊறும் மணற்பரப்புக்கும் நம் கட்டட விதிகளிலேயே தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. மீறல்கள் உண்டு, ஆனால் மீறல் என்று சுட்டிக்காட்டவாவது முடிகிறது. சி-புளோஸின் கணிப்பை யாரும் மீற முடியாது, அது யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தவில்லை.

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026ஓடு முடிகிறது, மூன்றாவது தயாராகிக்கொண்டிருக்கிறது. வெள்ள மாதிரிகளைப் பயன்படுத்தியிருக்கிறோம் என்று அதன் முன்னுரை பெருமையாகச் சொல்லும், சந்தேகம் வேண்டாம். படங்கள் பின்னிணைப்பில் இருக்கின்றனவா, அல்லது வளர்ச்சி விதிகளுக்குள் புல எண் பட்டியலாக, மண் அடித்தும் கட்டக் கூடாது என்ற வாசகத்தோடு இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். பட்டியல் வந்தால், செம்மஞ்சேரியில் அரசு கட்டத் திட்டமிட்டிருக்கும் விளையாட்டு நகரத்தின் புல எண்கள் அதில் உண்டா என்பதிலிருந்து சோதனையைத் தொடங்கலாம்.